கண்ணில் மாட்டும் ரேடியோ

2024 டிசம்பர் 31ஆம் தேதி அதிகாலை, மைசூரு ஹெப்பாளில் இருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் ஒரு சிறுத்தை நடந்து போனது. கண்காணிப்பு கேமராவில் அது பதிவானதும் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். விடுதியில் தங்கிப் பயிற்சி பெறுகிறவர்களை அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்றார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளை முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கும் இடம் அது. அன்று ஊரில் எத்தனை வீடுகளில் தொலைபேசி அடித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். வனத்துறை வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனைப் பறக்கவிட்டுத் தேடியது. சிறுத்தை சிக்கவில்லை.

அந்த மாதிரித் தேடலுக்குக் கையில் ஒரு திரை இருந்தால் போதும். தேடும் ட்ரோன் ஜி.பி.எஸ். உதவியோடு நின்ற இடத்தில் நிற்கும். கன்ட்ரோலர் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் அது அங்கேயே காத்திருக்கும். எஃப்.பி.வி. (ஃபர்ஸ்ட் பெர்சன் வியூ) ட்ரோன் வேறு ஜாதி. விமானி அதன் மூக்கில் உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்து ஓட்டவேண்டியது அது. முழுக் கைக்கட்டுப்பாட்டில் பறக்கும்போது அதற்குத் தானாகச் சமநிலைக்கு வரத் தெரியாது. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும், கவிழ்த்தால் கவிழ்ந்தபடியே விழும். நொடிக்கு நொடி விமானி திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். 2021இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில், ஒரு பௌலிங் கூடத்துக்குள் ஆட்களுக்கும் பந்துகளுக்கும் நடுவே ஒரே மூச்சில் புகுந்து வெளியேறிய ட்ரோன் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அது இப்படி ஓட்டியதுதான். அதற்கு முகத்தை மூடும் காகிள்ஸ் வேண்டும்.

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் இந்த ஆசை பிடிக்கும் இளைஞர்கள் ஹெப்பாளில் மட்டுமல்ல, சென்னை ஓ.எம்.ஆரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் காகிள்ஸ் நல்லது? கேட்டதும் பதிலாகப் பிக்சல் கணக்கும் விலையும் வந்து விழும். என் கருத்தில் அந்தப் பேச்சு தலைகீழாக நடக்கிறது. காகிள்ஸைத் திரை என்று எண்ணுவதுதான் கோளாறு. அது முதலில் ஒரு ரேடியோ, அதற்குப் பிறகு ஒரு லென்ஸ். திரை மூன்றாவதாகத்தான் வருகிறது.

ரேடியோவிலிருந்தே தொடங்குவோம். ட்ரோனில் இருக்கும் சிறிய கேமராவின் படம் பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காற்றில் வருகிறது. அந்த அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். ஆன்டெனாவைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்க முடிவது அதனால்தான். அதே காரணத்தால் இந்த அலை வளைந்து போகத் தெரியாத அலை. கான்கிரீட் சுவர் அதைத் தடுக்கும். ஈரமுள்ள இலை அதைக் குடித்துவிடும். மைசூருவின் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் பின்னால் ட்ரோன் போனால் படம் கலங்குவதற்கு மரத்தின் இலைகளில் இருக்கும் தண்ணீரே போதும்.

இந்த அலையில் படத்தை ஏற்றி அனுப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. பழையது அனலாக். நம் வீட்டுப் பழைய தூர்தர்ஷன் பெட்டி வேலை செய்த அதே முறை. கேமரா ஒரு வரியைப் படிக்கிறது, உடனே அனுப்புகிறது, காகிள்ஸ் அந்த வரியைத் திரையில் எழுதுகிறது. எதையும் சேர்த்துவைத்துச் சுருக்குவதில்லை. அதனால் தாமதம் குறைவு. சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும், கோடு விழும், நிறம் போகும், கறுப்பு வெள்ளையாகும், ஆனாலும் முன்னால் இருப்பது மரமா கம்பமா என்று தெரிந்துகொண்டே இருக்கும். ‘திரும்பி வா’ என்று படமே சொல்லிவிடும்.

டிஜிட்டல் முறையில் ஒரு முழுப் படச்சட்டத்தைப் பிடித்து, சுருக்கி, துண்டுகளாக்கி அனுப்பி, மறுமுனையில் பிரித்துக் கோர்க்கவேண்டும். சீனாவின் டிஜேஐ 2019இல் எஃப்.பி.வி.க்கென்று டிஜிட்டல் அமைப்பைக் கொண்டுவந்தபோது 720 வரிப் படத்தை, நொடிக்கு 120 சட்டங்களோடு, 28 மில்லிவிநாடிக்குள் தர முடியும் என்றது. அதுவரை இரைச்சல் படத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு மின்கம்பி முதல்முறையாகக் கண்ணில் பட்டது. மிகைப்படுத்தவில்லை. அனலாக் படத்தில் மெல்லிய கம்பியும் காய்ந்த சிறுகிளையும் கரைந்துபோவது சாதாரணம்.

ஆனால் டிஜிட்டலின் சாவு திடீர்ச் சாவு. எல்லைவரை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் படம் எல்லையைத் தாண்டியதும் கட்டம்கட்டமாக உடையும், இல்லையென்றால் உறைந்து நின்றுவிடும். உறைந்த படத்தில் ட்ரோன் பத்திரமாக இருக்கிறது, நிஜத்தில் அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை. எச்டிஜீரோ என்கிற அமைப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. படம் டிஜிட்டல்தான், ஆனால் தாமதம் கூடிக் குறையாமல் ஒரே அளவில் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், சிக்னல் குறையும்போது அனலாக்போலவே இரைச்சல் விழும். பந்தயக்காரர்களுக்கு அது பிடிப்பதற்கு அதுவே காரணம். வாக்ஸ்நெயில் என்பது இன்னொரு டிஜிட்டல் அமைப்பு.

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. இந்த நான்கும் ஒன்றோடொன்று பேசாதவை. டிஜேஐ காகிள்ஸால் வாக்ஸ்நெயில் ட்ரோனைப் பார்க்க முடியாது. எச்டிஜீரோ ட்ரோனை டிஜேஐ காகிள்ஸால் பார்க்க முடியாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே எந்தத் தலைமுறை காகிள்ஸ் ட்ரோனில் இருக்கும் எந்தத் தலைமுறை ஏர் யூனிட்டோடு (டிரான்ஸ்மிட்டரோடு) பேசும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு, அது அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் மாறவும் மாறும். ஆகவே காகிள்ஸ் வாங்குகிறவர் உண்மையில் அடுத்த சில ஆண்டுகளுக்குத் தன் எல்லா ட்ரோன்களிலும் எந்த டிரான்ஸ்மிட்டர் இருக்கும் என்பதைத்தான் முடிவுசெய்கிறார். ட்ரோன் உடையும், மோட்டார் கருகும், சட்டகம் முறியும். காகிள்ஸ் மட்டும் பிழைத்திருந்து அடுத்தடுத்த ட்ரோனுக்கும் தன் இனத்தையே கேட்கும். அனலாக் மாட்யூல் செருக இடமும் எச்.டி.எம்.ஐ. உள்ளீடும் இருக்கும் காகிள்ஸ் கொஞ்சம் விலை கூடுதலானாலும் நான் அதன் பக்கம்தான் சாய்வேன். பிறகு மனம் மாறினால் வெளியேற ஒரு கதவாவது இருக்கும்.

பக்கத்தில் யார் பறக்கவிடுகிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். அனலாக் ஒரு திறந்த ஒலிபரப்பு, அதே சேனலுக்குத் திருப்பினால் யாருடைய காகிள்ஸிலும் படம் வரும். கற்றுக்கொடுக்கும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தன் காகிள்ஸில் உங்கள் படத்தையே பார்த்து, ‘விடு, விடு, த்ராட்டிலைக் குறை’ என்று சொல்ல முடியும். நண்பர்கள் நாலு பேரும் ஒரே அமைப்பில் இருந்தால் உதிரிபாகமும் அனுபவமும் கைமாறும். ஊரில் எல்லோரும் அனலாக்கில் இருக்கும்போது ஒருவர் மட்டும் விலை உயர்ந்த டிஜிட்டலோடு வந்து நின்றால் தனிமைதான்.

சேனலைப் பற்றி நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் ‘ரேஸ்பேண்ட்’ என்ற எட்டுச் சேனல் வரிசை 5658 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 37, 37 ஆக ஏறி 5917இல் முடிகிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட அலைவரிசை 5875 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஏழாவது சேனலான 5880உம் எட்டாவதான 5917உம் அந்த வேலிக்கு வெளியே விழுகின்றன. காகிள்ஸில் பொத்தான் இருக்கிறது என்பதற்காக அங்கே போகக்கூடாது. முதல் ஆறும் வேலிக்குள் இருக்கின்றன, ஆனால் ஐ.டி. வளாகங்களின் வைஃபையும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. ஹெப்பாள் மாதிரித் தொழிற்பேட்டையின் மதிலோரம் நின்று படத்தில் ஏன் கோடு விழுகிறது என்று காகிள்ஸைத் திட்டிப் பயனில்லை.

ஆன்டெனாவுக்குச் செலவழிப்பது வீணாகாத செலவு. இந்தத் துறையில் அலையைத் திருகுபோல் சுழற்றி அனுப்பும் ஆன்டெனாக்களே வழக்கம். வலச்சுழி, இடச்சுழி என்று இரண்டு வகை. சுவரிலோ ஏரித் தண்ணீரிலோ பட்டுத் திரும்பும் அலையின் சுழற்சி தலைகீழாகிவிடும், அதனால் வலச்சுழி ஆன்டெனா எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு நேர் அலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ட்ரோனில் இடச்சுழியும் காகிள்ஸில் வலச்சுழியுமாக மாட்டிவிட்டால் இதே நன்மை கேடாகி நேர் அலையே வெளியே தள்ளப்படும். புதிதாக வந்தவர்களின் ‘சிக்னல் பிரச்சினை’யில் பாதி இதுதான். டைவர்சிட்டி உள்ள காகிள்ஸில் இரண்டு ஆன்டெனா மாட்டலாம். ஒன்று எல்லாத் திசையும் கேட்கும், மற்றொன்று முன்பக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்கும். எதில் சிக்னல் பலமோ அதற்குக் காகிள்ஸ் தாவிக்கொள்ளும். டிரான்ஸ்மிட்டர் சக்தியைக் கூட்டித் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் சக்தி நான்கு மடங்காகவேண்டும், கூடவே ட்ரோன் சூடாகும், பக்கத்தில் பறப்பவரின் படமும் கெடும். நல்ல ஆன்டெனா இதையெல்லாம் கேட்பதில்லை.

தாமதத்தைப் பற்றி நிறைய பயமுறுத்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கும். 28 மில்லிவிநாடித் தாமதத்தில் அது முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம் போயிருக்கும், 40 என்றால் ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கும். பந்தய வாசலுக்கு அந்த வித்தியாசம் பெரிது. கூடத்துக்குள் மணிக்கு 15 கிலோமீட்டரில் தவழும் ஒரு குட்டி ட்ரோனுக்கு, 40 மில்லிவிநாடி என்பது பதினேழு சென்டிமீட்டர். கண் பார்த்து விரல் அசைய மனிதனுக்கு ஆகும் நேரமே சுமார் 200 மில்லிவிநாடி. புதியவரின் ட்ரோனைச் சுவரில் மோதவிடுவது அந்த 200தான், காகிள்ஸின் 12 மில்லிவிநாடி வித்தியாசம் அல்ல. தாமதம் கூடிக் குறைந்துகொண்டே இருந்தால் மட்டும் தொல்லை, ஏனென்றால் நிலையான தாமதத்துக்கு மூளை பழகிக்கொள்ளும், மாறிக்கொண்டே இருப்பதற்குப் பழகாது.

இனி லென்ஸ். என்னைக் கேட்டால் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. காகிள்ஸின் திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு அருகில் எந்தக் கண்ணாலும் குவிக்க முடியாது. நடுவில் இருக்கும் லென்ஸ் அந்தப் படத்தைத் தொலைவில் இருப்பதுபோல் காட்டுகிறது. இதிலிருந்து இரண்டு விளைவுகள். கிட்டப்பார்வை உள்ளவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிள்ஸை மாட்டினால் படம் மங்கும், திரை அருகில் இருக்கிறதே என்று நினைத்து ஏமாறக்கூடாது. நாற்பதைத் தாண்டி, செய்தித்தாள் படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவருக்கோ இதில் கண்ணாடி தேவைப்படாது. படிக்கும் கண்ணாடியைத் தேடி வீட்டையே புரட்டும் அப்பா காகிள்ஸை மாட்டியதும் ‘தெளிவா இருக்கேப்பா’ என்பார், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மகனுக்குத்தான் அது மங்கலாகத் தெரியும்.

விலை கூடிய காகிள்ஸில் பவரைத் திருகி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. டிஜேஐ காகிள்ஸ் 2இல் கூட்டல் 2 முதல் கழித்தல் 8 வரை போகலாம். ஆனால் அந்தத் திருகு உருளைப் பவரைச் சரிசெய்யாது. கண் பரிசோதனைச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற கட்டத்தில் எண் இருப்பவர் தனி லென்ஸ் செய்து உள்ளே பொருத்தவேண்டும், அல்லது மூக்குக்கண்ணாடியோடே மாட்டக்கூடிய பெட்டி வகையை வாங்கவேண்டும். 2024 நவம்பரில் வந்த டிஜேஐ காகிள்ஸ் என்3 அப்படிப்பட்ட பெட்டி வகை, 229 டாலர் விலை சொல்லி அறிமுகமானது. அதன் முன்னோடிகளைவிட மிகவும் மலிவானது, கண்ணாடி போட்டவர்களுக்கு உட்கார இடம் தந்தது.

கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் பார்க்கவேண்டும். பெரியவர்களுக்குச் சராசரியாக அது 63 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் ஐம்பத்து சொச்சத்திலிருந்து எழுபத்து சொச்சம்வரை மாறும். காகிள்ஸ் 2இன் கண்கள் 56க்கும் 72க்கும் இடையில் நகரும். இந்த எண் பொருந்தாவிட்டால் ஒரு கண்ணில் ஓரம் மங்கும், அரைமணியில் நெற்றி வலிக்கும். கண் பரிசோதனை செய்யும் கடையில் அளந்து சொல்வார்கள், இரண்டு நிமிட வேலை.

விற்பவர்கள் பார்வைக் கோணத்தை முன்னால் வைப்பார்கள், 80 டிகிரி என்று பெரிதாகச் சொல்வார்கள். கோணம் கூடினால் அதே பிக்சல்களை அகலமாகப் பரப்பவேண்டும். 1920 பிக்சல் அகலத் திரையைச் சுமார் 45 டிகிரியில் காட்டினால் ஒரு டிகிரிக்கு 43 பிக்சல் கிடைக்கும். மலிவான பெட்டிக் காகிள்ஸின் 800 பிக்சலை 70 டிகிரிக்கு மேல் நீட்டினால் ஒரு டிகிரிக்குப் பதினொன்று. நல்ல பார்வையுள்ள கண் 60வரை பிரித்தறியும். அகலம் கூடியதன் இன்னொரு தொல்லை, பேட்டரி வோல்டேஜ் எண் திரையின் மூலையில் எழுதப்பட்டிருப்பது. மூலை மங்கும் காகிள்ஸில் அதைப் படிக்கத் தவறி, பேட்டரி தீர்ந்து, ட்ரோன் வயலில் விழும். நாற்பதுகளில் இருக்கும் கோணம் அனுபவசாலிகளுக்குப் போதும் என்று தோன்றுவது இதனால்தான்.

மைசூருவிலிருந்து கோவைக்குத் திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் வரும்போது மொபைலைக் குனிந்து பார்த்தால் குமட்டும் இல்லையா, எஃப்.பி.வி.யில் அதன் தலைகீழ் நடக்கிறது. பஸ்ஸில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைவை உணர்கிறது, கண் உணர்வதில்லை. இங்கே கண் குட்டிக்கரணம் போடுகிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. மூளைக்கு இரண்டும் ஒரே முரண்தான். முதல் நாட்களில் உட்கார்ந்துகொண்டே ஓட்டுவதும், தலை சுற்றத் தொடங்கியதும் நிறுத்துவதும் நல்லது. அகலமான கோணம் இந்தத் தொல்லையைக் கூட்டும். அதனால்தான் எந்தக் காகிள்ஸையும் ஒருமுறை யாரிடமாவது கேட்டு முகத்தில் மாட்டிப் பார்க்காமல் பெரிய தொகையைக் கட்டக்கூடாது என்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. காகிள்ஸ் முதலில் வாங்கவேண்டிய பொருளே அல்ல. கையில் பிடிக்கும் ரேடியோ கன்ட்ரோலரை வாங்கிக் கணினியில் செருகி, வெலோசிட்ரோன், லிஃப்ட்ஆஃப் மாதிரியான சிமுலேட்டரில் ஓட்டப் பழகவேண்டும். பயிற்சிக்கு வந்து விடுதியில் இருப்பவருக்கு இதைவிடத் தோதான ஆரம்பம் இல்லை, வளாகத்துக்குள் பறக்கவிடவும் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். சிமுலேட்டரில் நாலு வாரத்தில் சலித்துப்போனால் செலவு கன்ட்ரோலரோடு நிற்கும். சலிக்கவில்லையென்றால் ஈச்சைன் ஈவி800டி மாதிரியான அனலாக் பெட்டிக் காகிள்ஸும், உள்ளங்கையில் அடங்கும் ‘வூப்’ ஒன்றும். ஆசை நிலைத்தபிறகுதான் டிஜிட்டல். சினிமா, கல்யாண வீடியோ என்று படத்தின் அழகு முக்கியமானால் டிஜேஐ. பந்தயத்தில் மனம் போனால் எச்டிஜீரோ அல்லது நல்ல அனலாக். ஒன்றும் தீர்மானமாகவில்லையென்றால் இரண்டையும் ஏற்கும் காகிள்ஸ். முதல் நாளே உச்ச விலைக் காகிள்ஸ் வாங்கியவர்கள் பிறகு ட்ரோனைப் பறக்கவிடவே பயப்படுவதையும் பார்க்கலாம், அது அவர்கள் பாடு.

இந்தியாவில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பகுதி பகுதியாகப் பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்ய, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற விலக்குகளைத் தவிர, தடை. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே இங்கே எஃப்.பி.வி.க்காரர் என்றாலே சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் என்று ஆகிவிட்டது. ட்ரோனோடு சேர்த்தே விற்கும் காகிள்ஸ் தொகுப்புகள் வெளிநாட்டு வீடியோக்களில் மலிவாகத் தோன்றும், இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. காகிள்ஸைத் தனியாக வாங்கும்போது வரி, பழுதுபார்க்கும் இடம், மாற்று லென்ஸ் கிடைக்குமா என்பதை விலைப்பட்டியலுக்கு முன்பே விசாரிக்கவேண்டும்.

பழைய காகிள்ஸ் வாங்குவது நல்ல யோசனை, ஒரு சோதனைக்குப் பிறகு. வெள்ளைத் திரையைப் போட்டு மஞ்சள் வட்டமோ பழுப்புத் தழும்போ தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். லென்ஸ் மேலே பார்க்கும்படி காகிள்ஸை வெயிலில் வைத்தால் அது பூதக்கண்ணாடியாகிச் சூரியனைத் திரையில் குவித்துவிடும். கொஞ்ச நேரமே போதும். திரை மாற்றும் செலவு காகிள்ஸ் விலையை நெருங்கும்.

எங்கே பறப்பது என்பது காகிள்ஸ் தேர்வைப் பாதிக்கும் கடைசி விஷயம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம்வரை நானோ வகை, அதற்கு மேல் 2 கிலோவரை மைக்ரோ. நானோவுக்கும், வணிக நோக்கமில்லாத மைக்ரோவுக்கும் விமானிச் சான்றிதழ் வேண்டாம். கல்யாண வீடியோவுக்குக் காசு வாங்கினால் மைக்ரோவுக்கு வேண்டும். மைசூருவின் மண்டகள்ளி விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாது, 8இலிருந்து 12வரை 200 அடிக்கு மேல் அனுமதி வேண்டிய மஞ்சள் மண்டலம். ஹெப்பாள் அந்த வட்டத்துக்கு வெளியே விழுகிறது. ஆனால் பக்கத்து மேட்டகள்ளியில் ரிசர்வ் வங்கியின் நோட்டு அச்சகம் இருக்கிறது, எல்வாலுக்கு அருகே ரத்னஹள்ளியில் அணுசக்தித் துறையின் ஆலை இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைத் திறந்து நிற்கிற இடத்தின் நிறத்தைப் பார்க்காமல் பேட்டரியைச் செருகக்கூடாது.

பொழுதுபோக்குக்கான மாதிரி ட்ரோனுக்கு அதே விதிகள் வைக்கும் நிபந்தனை, ட்ரோன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கவேண்டும் என்பது. காகிள்ஸ் மாட்டியவர் தன் ட்ரோனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் குருடர். பின்னால் வரும் நாயையோ மேலே வட்டமிடும் பருந்தையோ அவர் பார்க்கமாட்டார். பக்கத்தில் வெறுங்கண்ணோடு வானத்தைப் பார்க்க ஒருவர் நிற்கவேண்டும். அவருக்குக் காகிள்ஸ் தேவையில்லை, செலவும் இல்லை. முதல் நாள் அந்த இடத்தில் நிற்க ஒத்துக்கொள்ளும் நண்பர் எந்த அமைப்பில் ட்ரோன் வைத்திருக்கிறாரோ, அந்த அமைப்பில் காகிள்ஸ் வாங்குவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.